மேய்ப்பருக்கு ஓட்டு இல்லை

8 ஆகஸ்ட் 1973, புதன்

டோனட் கடையில் இன்று எண்ணெய்ச் சட்டி இரண்டு முறை அணைந்துபோனது. ஐந்து பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு வந்தால் வெங்காயம் இல்லை, உப்பு இல்லை. கொட்டகையில் மட்டும் உத்தரம் தெரியாத அளவுக்குக் கஞ்சா தலைகீழாகத் தொங்குகிறது. கப்பி இன்று இன்னொரு சுமை அறுத்துக் கொண்டுவந்திருக்கிறான். வண்டி அவனுடையது என்பதால் அறுப்பு வேலையும் அவன் தலையில்.

கயிறு திரிப்பதற்காக முப்பது வருஷத்துக்கு முந்தைய போர்க்காலத்தில் அரசாங்கமே விதைக்கச் சொன்ன செடி இது. போர் முடிந்தும் செடி போகவில்லை. கான்சஸில் வாய்க்கால் ஓரமெல்லாம் தானாக முளைக்கிறது. புகைத்தால் தலைவலி வரும், வேறொன்றும் வராது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் இதைப் புகைப்பதில்லை. செப்டம்பரில் சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் நல்ல சரக்கில் கலப்பதற்காக வாங்கிப் போவார்கள். தாட் இதை விவசாயம் என்கிறான். தத்துவ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன், எதற்கும் ஒரு பெயர் வைப்பான். மவுண்ட்ரிட்ஜில் கோதுமை போடும் என் அப்பாவுக்கு, நானும் விவசாயத்தில் இருக்கிறேன் என்று எழுதலாம்.

லைல் சாப்பிட வரவில்லை. மாடியில் எங்கள் அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

10 ஆகஸ்ட்

ஒரு சிவப்பு மாத்திரை, இரவு பத்துக்கு. தூங்கினேன். டாக்டர் எழுதிக்கொடுத்தது இது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று மேய்ப்பர் நான்.

காலை பத்து மணிக்கு அம்மா ஊரில் சபைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அதே நேரம் இந்த வீட்டில் எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு எல்.எஸ்.டி. தோய்த்த துண்டுத் தாளை நாக்கில் வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம்வரை அவர்கள் ஆடுகள். ஒருவர் மட்டும் தாள் போடக் கூடாது. அவர்தான் மேய்ப்பர். அடுப்பின் திருகுகளைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும், வண்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வப்போது ஒவ்வொரு ஆட்டிடமும் கேள்வி கேட்க வேண்டும். உன் பேர் என்ன, இது எந்த ஊர். ஜனாதிபதி யார் என்று மூன்றாவது கேள்வி ஒன்றும் இருந்தது. பதிலைச் சொன்னதும் எல்லோரும் சோர்ந்துபோவதால் இந்தக் கோடையில் அதை நிறுத்திவிட்டோம்.

பதில் சொல்லாத ஆட்டை வற்புறுத்தக் கூடாது. அது தூரத்தில் மேய்கிறது, தானாக வரும். இன்னொரு விதி, அன்று வீட்டில் எதையாவது முடிவு செய்ய வேண்டி வந்தால் மேய்ப்பருக்கு ஓட்டு இல்லை. இது தாட் கொண்டுவந்தது. "நாங்க கூரை மேல நிக்கறோம், வெர்னா. நீ கீழ நிக்கற. தூரத்துல என்ன தெரியுதுன்னு உன்கிட்ட கேட்டா நீ என்னத்தச் சொல்லுவ?"

எனக்குத்தான் அடிக்கடி முறை வருகிறது. நான் மேய்ப்பராக இருந்தால் சமையலும் ஆகிவிடுகிறது அல்லவா.

கப்பியிடம் பேர் கேட்டேன். "நதி," என்றான். ஊர்? "அதுவும் நதிதான்." தாட்டின் சிநேகிதி மார்னி, மஞ்சள் நூலில் முடிவே இல்லாமல் ஏதோ பின்னிக்கொண்டிருப்பவள், நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள்.

லைல் மட்டும் விறைப்பாக உட்கார்ந்து சொன்னான்: "லைல் டக்கர். லாரன்ஸ், கான்சஸ். வேற ஏதாவது வேணுமா, சார்ஜெண்ட்?"

"பேப்பர் போட்டியா, இல்லையா?"

"போட்டேன். ஒண்ணும் ஆகல. இப்பல்லாம் எதுவுமே ஆகறதில்ல."

வியட்நாமிலிருந்து திரும்பி இரண்டு வருஷம். முதல் வருஷம் நிறையச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்.

14 ஆகஸ்ட்

பக்கத்துப் பண்ணைக்காரர் கெம்பர், தன் வாய்க்காலில் இறங்கிய கப்பியைப் பார்த்து ஈயத்துக்குப் பதில் கல்லுப்பு அடைத்த குண்டு போட்டுச் சுட்டுவிட்டார். கப்பி சமையல் மேசைமேல் குப்புறப் படுத்துக்கொண்டான். மார்னி உப்பைக் கழுவினாள். தாட் தலைமாட்டில் நின்றுகொண்டு நிலவுடைமை பற்றிப் பேசினான்.

"தாட், நிலம் யாருதுன்னு அப்புறம் பேசலாம்," என்றான் கப்பி. "இப்ப எரியறது என்னுது."

லைல் வாசல்படியில் நின்று பார்த்தான். சிரிக்கவில்லை. பழைய லைலாக இருந்தால் ஒரு வாரத்துக்கு இதை வைத்தே ஓட்டியிருப்பான்.

17 ஆகஸ்ட், வெள்ளி

லைல் தன் ராணுவச் சட்டையைக் கப்பிக்குக் கொடுத்துவிட்டான். பூட்ஸைத் தாட்டுக்கு. எனக்கு அவன் அம்மாவின் கைக்கடிகாரம். கேட்டால், "பாரம் கொறையுது," என்கிறான். உடைமைகளை விடுவது பெரிய விஷயம் என்று தாட் எல்லோர் முன்னாலும் பாராட்டினான்.

கடிகாரம் ஓடுகிறது. ஏன் கொடுத்தான்?

19 ஆகஸ்ட், ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இன்று எழுத முடியாது.

20 ஆகஸ்ட், திங்கள்

லைல் இன்னும் கண் திறக்கவில்லை. உள்ளே விட மறுக்கிறார்கள். தாழ்வாரத்தில் நாற்காலி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது வேறு மாதிரிச் சொல்லுவார்கள். அந்த வீட்டில் நிச்சயம் சொல்லுவார்கள்.

நேற்றும் மேய்ப்பர் நான்தான். பத்து மணிக்கு மற்ற மூன்று பேரும் தாள் போட்டார்கள். லைல் வேண்டாம் என்றான். "நான் மேல போய்ப் படுக்கறேன்." எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு ஆடு குறைவு.

பிறகு கேள்வி கேட்க மாடிக்குப் போனேன். மல்லாந்து படுத்திருந்தான். உதடு நீலம். கை குளிர்ந்திருந்தது, வெளியே தார் உருகும் வெயிலில். கட்டிலுக்கு அடியில் விஸ்கி பாட்டிலும் என் பேக்கிங் பவுடர் டப்பாவும் கிடந்தன. நான் சிவப்பு மாத்திரைகளை ஒளித்து வைக்கும் டப்பா. அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. என் தூக்கம் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கியிருக்கிறான்.

கத்தினேன். மூன்று பேரும் மேலே வந்தார்கள். மார்னி அழுதாள். சுவரும் தன்னோடு அழுகிறது என்றாள். கப்பி லைலின் காலைத் தொட்டுவிட்டு, "சில்லுனு இருக்கான்," என்றான். தாட் நெடுநேரம் பார்த்துவிட்டு, "போயிட்டான்," என்றான்.

"போகல. மூச்சு இருக்கு."

மார்னியின் சட்டையிலிருந்து ஒரு மஞ்சள் நூல் பிசிறை எடுத்து லைலின் மேலுதட்டில் வைத்தேன். அசைந்தது.

"அது ஃபேன் காத்து," என்றான் தாட்.

மின்விசிறியை அணைத்தேன். பிசிறு அடங்கிக் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து லேசாகத் தலை தூக்கியது. "பாரு. பாரு." ஆனால் அதற்குள் தாட் மரக்கரண்டியைக் கையில் எடுத்துவிட்டிருந்தான். கூட்டத்தில் கரண்டி வைத்திருப்பவர்தான் பேச வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. வீட்டின் எல்லாக் கூட்டமும் இப்படித்தான், பாத்திரம் யார் கழுவுவது என்பதுவரை.

லைல் இருக்கிறானா இல்லையா என்பதைப் பற்றி அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். இதை எழுதும்போது எனக்கே நம்பமுடியவில்லை. ஆனால் அப்போது, அந்த அறையில், அதுதான் முறை என்பதுபோல இருந்தது.

தாட், இல்லை என்றான். கப்பி, இல்லை. மார்னி, "இருக்கான்னும் தோணுது, இல்லன்னும் தோணுது," என்றாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு, மார்னி."

"அப்ப இல்ல."

"இருக்கான்," என்றேன்.

"உன் கைல கரண்டி இல்ல," என்றான் தாட், கோபமே இல்லாமல், நல்ல வாத்தியார் மாதிரி. "தவிர இன்னைக்கு உனக்கு ஓட்டு இல்ல. லைல் எங்களோட ஒத்துப்போவான், அவனுக்கு விதின்னா மதிப்பு."

அடுத்த முடிவு, இறந்த வீட்டுக்கு ஷெரிஃப் வந்தே தீருவார், அவர் வருவதற்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் ஏகமனதாக ஒப்புதல். கப்பி என் கழுத்திலிருந்து சாவியை மெதுவாகக் கழற்றிக்கொண்டான். ஸாரி என்றும் சொன்னான். மூன்று பேரும் கீழே போய்க் கஞ்சாவை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "உன் பேர் என்ன? லைல், உன் பேர் என்ன?" பதில் இல்லை. வற்புறுத்தக் கூடாது என்பது விதி. கன்னத்தில் அறைந்தேன். பிசிறைப் பார்த்தேன். அது எழுந்திருக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

கீழே ஓடினேன். வண்டி கூரைவரை நிரம்பியிருந்தது, பின்கதவைக்கூட மூட முடியவில்லை. இறக்குங்கள் என்றேன். முடிவை மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும் என்றான் தாட். எங்கள் டெலிஃபோன் ஜூனிலேயே துண்டிக்கப்பட்டுவிட்டது. அப்புறம்தான் கெம்பரின் சோயா வயலுக்குள் இறங்கினேன்.

கெம்பரும் அவர் மனைவி இர்மாவும் சபையிலிருந்து வந்து கோழி வறுவலோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்பிவலைக் கதவுக்கு வெளியே நின்றேன்.

"ஞாயித்துக்கிழமையுமா?" என்றார் கெம்பர். "என் வாய்க்காலுக்கு ஒரு நாளாவது லீவு குடுங்கம்மா."

"லைல் மாத்திரை முழுங்கிட்டான், மிஸ்டர் கெம்பர். மூச்சு கொறைஞ்சுக்கிட்டே வருது. வண்டி வேணும்."

"உங்க வண்டி என்னாச்சு?"

"நெறஞ்சிருக்கு."

எதனால் என்று அவர் கேட்கவில்லை. "உசிரு இருக்கா?"

"இருக்குன்னு நான் சொல்றேன். மூணு பேர் இல்லன்னு சொல்றாங்க."

"அதென்ன கணக்கு, மூணு பேர்?"

"ஓட்டெடுத்தோம்."

கெம்பர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். இர்மாதான் கேட்டாள்: "நீ எந்தப் பக்கம் போட்ட, கண்ணு?"

"எனக்கு ஓட்டு இல்லைங்க."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வண்டியை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தார். லைலை மாடியிலிருந்து தோளில் போட்டு இறக்கினார். எழுபது வயது இருக்கும். கொட்டகைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. வழியெல்லாம் நான் பின்னால் லைலின் தலையைப் பிடித்துக்கொண்டு, ஜல்லி ரோட்டின் புழுதியில், அந்தப் பிசிறைத் தேடினேன். பறந்துவிட்டிருந்தது. கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எத்தனை மாத்திரை?" என்று டாக்டர் கேட்டார்.

"டப்பால இருந்த எல்லாம்."

"யாரோடது?"

"என்னோடது."

22 ஆகஸ்ட், புதன்

கண் திறந்தான். நர்ஸ் கேட்டாள்: உன் பேர் என்ன, இது எந்த ஊர், ஜனாதிபதி யார். மூன்றையும் கேட்டாள், எங்களை மாதிரிப் பாவம் பார்க்கவில்லை. முதல் இரண்டுக்குச் சொன்னான். மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டான். "பரவால்ல, நெறைய பேரு அப்படித்தான்," என்றாள்.

என்னைப் பார்த்து அவன் முதலில் கேட்டது: "கொட்டகை?"

25 ஆகஸ்ட், சனி

கொட்டகை விவகாரம் இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. வண்டியை எங்கே ஓட்டிப் போவது என்று தெரியாமல் நின்றவர்கள், கெம்பர் வண்டி ரோட்டில் மறைந்ததைப் பார்த்தார்கள். தாட்டுக்கு உடனே யோசனை வந்தது. ஷெரிஃப் எங்கேயும் தேடுவார், கெம்பரின் பன்றிக் கொட்டடியில் தேடமாட்டார். ஆக, கெம்பர் லைலைக் காப்பாற்றப் போயிருந்த நேரத்தில், அவர் கொட்டடியில் எல்லாவற்றையும் திணித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஷெரிஃப் ஆள் வந்து எங்கள் கொட்டகையில் சணல் கயிற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பன்றிகள் தட்டியை உடைத்துக்கொண்டு போய் முழுவதையும் தின்றுவிட்டன. ஒரு கோடைக்கால உழைப்பு.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கெம்பர் தட்டியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"பன்றிங்க எப்படி இருக்கு, மிஸ்டர் கெம்பர்?"

"அதுங்களுக்கென்ன. நல்லாத் தின்னுச்சு, நல்லாப் போச்சு. ஒண்ணுக்குக் கூடக் கொட்டாவி வரல." ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "இதுக்கா என் கிட்ட உப்புக் குண்டு வாங்கினீங்க?"

30 ஆகஸ்ட்

லைலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சூப் வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "நல்லாத் தூங்கிட்டிருந்தேன், வெர்னா. எழுப்பியிருக்க வேணாம்."

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து கழுவினேன். கழுவின பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவினேன். இவனை எதற்காகத் தூக்கிக்கொண்டு போனேன்? இவனுக்காகவா? இல்லை — தாட் சொன்னது தப்பு என்று காட்டவா? ரெண்டும்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். ஆனா எழுப்பியிருக்க வேணாம்னு எப்படிடா சொல்லுவ? எனக்குத் தூங்க ஒரு மாத்திரைகூட வைக்காம முழுங்கிட்டு.

2 செப்டம்பர், ஞாயிறு

இன்று தாள் இல்லை, ஷெரிஃப் கண் வைத்திருப்பதால். அதற்குப் பதில் கூட்டம். ஒரே விஷயம், நான்.

மேய்ப்பர் வெளி ஆளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள், ஏகமனதான முடிவை மீறினாள் என்றான் தாட். அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "லைல் பிழைச்சது எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அது வேற விஷயம். வெர்னா இனிமே இங்க இருக்கறது சரியா வராது."

மார்னி பின்னலைக் கீழே வைக்காமல் தலையாட்டினாள். கப்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ போனா டோனட் யாரு கொண்டாருவா?" அதைத் தவிர வேறு ஆட்சேபம் இல்லை, அவனும் ஒத்துக்கொண்டான். கரண்டி லைலிடம் போனது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குக் கருத்து இல்ல," என்றான்.

என்னிடம் வந்தது.

"இன்னைக்கு மேய்ப்பர் யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப எனக்கு ஓட்டு இருக்கா?"

தாட் யோசித்தான். நேர்மையானவன்தான். "இருக்கு. நீ ஒத்துக்கலன்னா முடிவு செல்லாது. நீ பாட்டுக்கு இருக்கலாம்."

கரண்டி கனமாக இருந்தது. ஒரு வருஷமாக நான் சூப் கிளறுகிற அதே கரண்டி.

"நானும் ஒத்துக்கறேன்," என்றேன்.

லைல் கட்டிலைச் சுற்றி நடந்ததை விட்டால், இந்த வீட்டில் இருட்டுவதற்கு முன் முடிந்த ஒரே கூட்டம் இதுதான். கரண்டியை என்னோடு எடுத்துக்கொண்டேன், அது என் அம்மா கொடுத்தது. இனிமேல் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்களோ.

லைல் பெட்டியை ஜல்லி ரோடுவரை தூக்கி வந்தான். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. கேட்டேன்: "உன் பேர் என்ன?"

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"பதில் சொல்லலன்னா மறுபடி கேப்பேன். நான் இப்ப மேய்ப்பர் இல்ல, விதி கிடையாது. உன் பேர் என்ன?"

"லைல் டக்கர்," என்றான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

6 செப்டம்பர்

டோனட் கடைக்கு மேலே ஒரு அறை. கீழிருந்து சர்க்கரை வாசனை. மாத்திரை இல்லாமல் மூன்றாவது வாரம். தூக்கமே இல்லை. டாக்டரிடம் போனால் எழுதிக் கொடுப்பார். போகவில்லை. சீட்டு வாங்கினால் டப்பா வேண்டும், டப்பா இருந்தால் ஒளிக்க இடம் வேண்டும்.

11 செப்டம்பர்

கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் அந்த மஞ்சள் பிசிறு.

17 செப்டம்பர், திங்கள்

கடையில் கூட்டம் குறைந்த நேரம் லைல் வந்து கவுண்டரில் உட்கார்ந்தான். பழைய செருப்பு. பூட்ஸைத் தாட்டிடம் திருப்பிக் கேட்க மனம் வரவில்லையாம். பத்து நாளாகக் கெம்பரிடம் தட்டி வேலை செய்கிறான். பன்றிகள் உடைத்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று தானே போயிருக்கிறான்.

டோனட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "நான் சாகணும்னு முழுங்கல, வெர்னா. எழுந்திருக்க வேணாம்னு மட்டும்தான் நினைச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அன்னைக்கு வேற வேறயாத் தெரிஞ்சுது." விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டு, "டொபீகால படைவீரர் ஆஸ்பத்திரில சேத்துக்கறாங்களாம். பேசறதுக்கு ஆள் இருக்காம். கெம்பர் விசாரிச்சாரு. போலாமா வேணாமான்னு..."

கதவு மணி அடித்தது. கெம்பர். வெளியே அவர் வண்டி எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, முடிவாச்சா? இல்ல இதுக்கும் ஓட்டெடுக்கணுமா?"

லைலின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் அதே சிரிப்பு.

அவன் அம்மாவின் கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டேன். "இது இரவல்தான்," என்றேன். "திருப்பிக் குடுக்கணும்." ஆறு டோனட் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கெம்பர் காசு கொடுக்கப் பார்த்தார், வாங்கவில்லை.

29 செப்டம்பர்

கடையில் கப்பியைப் பார்த்தேன். சிகாகோ ஆட்கள் வந்து வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். மேய்ப்பராக இருக்க யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஞாயிற்றுக்கிழமைக் கூடல் நின்றுபோய்விட்டது. டோனட் கேட்டான். கொடுத்தேன்.

14 அக்டோபர், ஞாயிறு

கடைக்கு விடுமுறை. கீழ்த்தளத்து ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால் அறை முழுக்க வெளிச்சம். எங்கே இருக்கிறேன் என்று ஒரு கணம் புரியவில்லை. படியில் வெறுங்காலோடு இறங்கிப் போய் எடுத்தேன்.

"பேர் லைல் டக்கர்," என்றது குரல். "ஊர் டொபீகா. மூணாவதையும் இங்க தினம் கேக்கறாங்க. நீ கேக்காத."

"கேக்கல."

"கடிகாரம் ஓடுது. இங்க இப்ப பத்து மணி. அங்க?"

"இங்கயும் பத்துதான் இருக்கும். நான் பாக்கல."

"உன் குரல் ஒரு மாதிரி இருக்கே. எழுப்பிட்டேனா?"

"ஆமா. தூங்கிட்டிருந்தேன்."

ஃபோனில் அவன் மூச்சு கேட்டது, ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

"ஸாரி, வெர்னா."

"பரவால்ல," என்றேன். "எழுப்பலாம்."